இருக்கிறவர்களுக்கான பூசை

செப்டம்பர் 26

லாம்பு மச்சான்,

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணும். நீங்கள் பார்த்துச் சிரிக்கவா போகிறீர்கள்.

நேற்று மத்தியானம் மோகன் சார் நான் வேலை செய்கிற பேக்கரியின் பின்வாசலுக்கு வந்தார். நீங்கள் 'நம்ம ஆபீசர்' என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வீர்களே, அவர்தான். நான் மக்ரூனுக்கு முட்டை உடைத்து வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரிடம் அஞ்சு நிமிஷம் கேட்டு, என்னை விறகு அடுக்கி வைத்திருக்கிற பக்கம் கூட்டிப்போனார்.

"அம்மா, பெலவேந்திரன் தவறிட்டார்" என்றார்.

அந்தத் தீவில், தோணியில் சரக்கு இறக்கின மறுநாளே உங்களைப் பிடித்துவிட்டார்களாம். காவலில் இருக்கும்போது போன வாரம் முடிந்துபோனதாம். போன வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். உங்கள் தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

"சத்தம் போட்டுடாதீங்கம்மா" என்றார். நான் போடவில்லை.

அடுத்த மாதம் அந்த நாட்டுப் பெரியவர் டெல்லிக்கு வருகிறாராம். துறைமுக விஷயமாக ரெண்டு நாடும் கையெழுத்துப் போடப் போகிறதாம். அதுவரை நீங்கள் உயிரோடு இருக்க வேண்டுமாம். கோயிலில் துக்க மணி அடிக்கக்கூடாது. நான் தாலி கழற்றக்கூடாது. கையெழுத்து முடிந்ததும் உங்களைக் கொண்டுவந்து என் கையில் ஒப்படைப்பதாகச் சொன்னார். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

திரும்பி வந்து மீதி முட்டையை உடைத்தேன். ஒரு பொட்டு மஞ்சள்கூட வெள்ளையில் கலக்கவில்லை. மாஸ்டர், "இன்னைக்கு உனக்குக் கை நல்லா வந்திருக்கு பிரகாசி" என்றார்.

செப்டம்பர் 27

தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன்.

செப்டம்பர் 29

ஞாயிற்றுக்கிழமை. அத்தையைக் கைப்பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் கடலில் இருக்கிற நாளெல்லாம் உங்கள் அம்மா உங்கள் நலத்துக்குப் பூசை கொடுப்பார்களே, இந்த வாரமும் பேர் கொடுத்திருந்தார்கள். சாமியார் பீடத்தில் நின்று, "கடற்பயணத்தில் இருக்கும் பெலவேந்திரன் நலமாகத் திரும்ப வேண்டுமென்று" என்று வாசித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

திரும்பி வரும் வழியில் அத்தை பழைய கதை ஒன்றைச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தி, புருஷன் மூழ்கிப்போனது தெரிந்தும் நம்ப மாட்டேன் என்று வருஷக்கணக்கில் அவனுக்கு நலப் பூசையே கொடுத்து வந்தாளாம்.

"செத்தவனுக்கு உசுரோட இருக்கவன் பூசை வச்சா அவன் எங்கட்டி போவான்? மோட்சத்துக்கும் போக முடியாது, வீட்டுக்குள்ளயும் வர முடியாது. வாசப்படியிலேயே நிப்பான், பாவம்."

வீட்டுக்கு வந்ததும் வாசற்படியைக் கழுவிவிட்டேன். மீன் தண்ணி சிந்தியிருந்தது.

அக்டோபர் 2

நீங்கள் இல்லாமல் உங்கள் தோணி கரைக்கு வந்துவிட்டது. தோணி முதலாளி நம் வீட்டுக்கே வந்து, நீங்கள் அங்கே வேறொரு கப்பலில் நல்ல சம்பளத்துக்கு ஏறிவிட்டதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தே சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அத்தை கேட்டார்கள்: "தோணிய ஓட்டுற தண்டல் வேலைய விட்டுட்டு ஒருத்தன் இன்னொருத்தன் கப்பல்ல போயி கூலிக்கு ஏறுவானா? இவனுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

முதலாளி மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அக்டோபர் 4

தெருக்குழாயில் ஜெசிந்தா. எதிர்வீட்டுக்காரி வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

"என்ன மைனி, அண்ணன் அங்கனயே குடித்தனம் போட்டுட்டாவளாமே? தீவுக்காரி நல்ல செவப்பா இருப்பாளுவளாம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான், "செவப்போ கறுப்போ, அவிய பேச்சைக் கேக்க அவளுக்குப் பொறுமை இருந்தாச் சரி" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். உங்கள் வாய் ஊருக்கே தெரியும்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நிறைய நேரம் அவளைப் பற்றியே நினைத்தேன். அவளுக்கு ஒரு வீடு, ஓலை வேலி, அதில் காயப் போட்ட உங்கள் கைலி.

அக்டோபர் 7

மோகன் சார் இன்றைக்கு முன்வாசல் வழியாகவே வந்தார், மக்ரூன் வாங்குகிறவர் மாதிரி. ஒரு கிலோ கட்டச் சொன்னார். அவருடைய பெரிய அதிகாரிக்கு நம்ம ஊர் மக்ரூன் என்றால் உயிராம். நான் கட்டிக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், உடம்பை இப்போதே கேட்டு வாங்கினால் என்ன என்று.

அவர் கல்லாப்பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாம கேட்டா, நாமதான் அனுப்பினோம்னு ஆயிடும். அவங்க குடுத்தா, அவங்க பிடிச்சு வச்சிருந்தாங்கன்னு ஆயிடும். ரெண்டு பக்கத்துக்கும் தெரியும்மா. தெரியும்னு தெரிஞ்சிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

அட்டைப்பெட்டியை நூல் போட்டுக் கட்டினேன். மூணு வருஷத்துக்கு முன்னால் இவர் முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது என்ன கேட்டார்? கப்பலைப் பற்றி. அங்கே புதுத் துறையில் எந்தக் கொடி போட்ட கப்பல் நிற்கிறது, ராணுவ உடுப்புக்காரர்கள் இறங்குகிறார்களா, தண்ணீருக்குள் என்ன பதிக்கிறார்கள். பார்த்ததைச் சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். நீங்கள் அன்றைக்கு ராத்திரி தூங்கவேயில்லை. "ஏ பிரகாசி, நான் சும்மா வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போறவன்னு நினைச்சியா? நான் பாத்து வந்து சொல்லுறதை வச்சு டெல்லியில மேசை போட்டுப் பேசுதாவட்டி" என்றீர்கள். நான், "அப்போ டெல்லிக்காரங்களே உங்க பேச்சைக் கேக்கட்டும், எனக்குத் தூக்கம் வருது" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

அக்டோபர் 12

நாளை மறுநாள் தெருவில் மிக்கேல் வீட்டுக் கல்யாணம். தாலி கோக்க ராசியான பொம்பளை வேண்டும், பிரகாசிதான் வர வேண்டும் என்று பெண்ணின் அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சரி என்றேன்.

அக்டோபர் 14

அடுப்பிலிருந்து எடுத்த தட்டைத் துணி இல்லாமல் பிடித்துவிட்டேன். கவனம் இல்லை. ரெண்டு கையிலும் விரல் கொப்பளித்துவிட்டது. மாஸ்டர் திட்டினார், இத்தனை வருஷம் வேலை செய்கிறவள் சூட்டுத் தட்டை வெறுங்கையால் தொடுவாளா என்று.

தாலி கோக்கப் போக முடியவில்லை. வேறு ஒருத்தி கோத்தாள். பெண் நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 18

காலையிலிருந்தே காற்று சரியில்லை. மத்தியானம் கரண்ட் போய் பேக்கரியைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். ஊறப் போட்ட அரிசி புளித்துவிடுமே என்று ஆட்டுக்கல்லைக் கழுவி ஆட்ட உட்கார்ந்தேன். விரல் இன்னும் எரிகிறது, துணி சுற்றிக்கொண்டேன்.

தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் தம்பியும் இன்னொரு தோணியில் கடலுக்குப் போயிருக்கிறான்.

"மைனி, தோணி ஆபீசுக்கு எல்லாரும் போறோம், ஏதும் சேதி வந்திருக்கான்னு கேக்க. வாங்க."

"மாவு பாதியில கெடக்கு, நீ போ" என்றேன்.

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நான் ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் அத்தை உள்வாசலில் நிற்கிறார்கள். எப்போதிருந்து நின்றார்களோ.

"ஏட்டி பிரகாசி."

"என்னத்தே."

"துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கு."

"ஆமா அத்தே."

"நீ மாவாட்டிக்கிட்டிருக்க."

"ஆமா அத்தே."

குழவியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து, புயல் கூண்டு ஏற்றின பிறகு நான் வீட்டுக்குள் இருந்த நாளே கிடையாது. மழையில் நனைந்துகொண்டு கரையில் போய் நிற்பேன். "நீ போய் நின்னா காத்து பயந்துக்கிட்டுப் போயிருமாக்கும்" என்று திரும்பி வந்து கேலி பண்ணுவீர்கள். கடலில் ஆள் இருக்கிற எந்தப் பொம்பளையும் கூண்டு ஏற்றின அன்றைக்கு மாவாட்ட மாட்டாள்.

எழுந்து ஓடலாமா என்று நினைத்தேன். இனி ஓடி என்ன.

அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஏறின மாவைக் கையால் குழிக்குள் தள்ளிவிட்டார்கள். நான் சுற்ற, அவர்கள் தள்ள, மாவு பூவாக வரும் வரை ஆட்டினோம். வெளியே ஓடு பறக்கிற காற்று.

அக்டோபர் 20

பூசையில் உங்கள் பேர் வரவில்லை. அத்தை பேர் கொடுக்க மறந்துவிட்டார்களாம். வயசாகிவிட்டது.

அக்டோபர் 21

புயல் வேறு பக்கம் போய்விட்டது. ஜெசிந்தாவின் தம்பி நல்லபடி வந்துவிட்டான். வெயில் அடித்தது. மெத்தையைக் காயப் போட்டேன்.

அக்டோபர் 22

அத்தை ராத்திரி கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறார்கள். பல் வலி என்கிறார்கள். எந்தப் பல் என்று கேட்டேன். இருக்கிற பல் எல்லாம் என்றார்கள். சாயங்காலம் உங்கள் செருப்பைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அவர்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எலி கடிக்கிறதாம்.

நம் வீட்டில் எலி கிடையாது.

அக்டோபர் 24

பேக்கரி டிவியில் காட்டினார்கள். பெரிய மேசை, ரெண்டு கொடி, தண்ணீர் பாட்டில். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை மாற்றிக்கொண்டார்கள். கை குலுக்கினார்கள். படம் எடுக்கிறவர்களுக்காக அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்கள். நட்பு, பாதுகாப்பு என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள்.

அவர்களுக்குப் பின்னால் சும்மா நிற்கிறவர்களை நான் பார்த்தேன். யாராவது நம்ம ஆபீசர் மாதிரி இருக்கிறார்களா என்று. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

மாஸ்டர் சேனலை மாற்றிவிட்டார்.

இனி உங்களைக் கொண்டுவருவார்கள். மாமா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அத்தை தனக்கென்று பிடித்து வைத்தது, கேட்டால் தருவார்கள். உங்கள் கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். கழுத்துப் பட்டன் இல்லை. தைத்தேன்.

அக்டோபர் 27

மோகன் சார் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். அத்தை மூலையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அத்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்காதய்யா. நீங்க பேசுங்க" என்றார்கள் அத்தை.

கோயில் மணி அடிக்கும் முன்னால் எழுந்துகொள்கிற காது அது.

அவர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. உடம்பு வராது என்றார். அங்கேயே எங்கோ புதைத்துவிட்டார்களாம். பேர் இல்லாமல். எந்த இடம் என்று கேட்கவும் முடியாதாம், இப்போதுதான் ரெண்டு நாடும் சிநேகம் ஆகியிருக்கிறதாம், இந்த நேரத்தில் கேட்டால் எல்லாம் குலைந்துபோகுமாம்.

"நீங்க கொண்டாந்து குடுக்கேன்னு சொன்னிய" என்றேன்.

"சொன்னேம்மா. எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க."

காணாமல் போனவர் என்று ஸ்டேஷனில் எழுதி வைப்பார்களாம். ஏழு வருஷம் ஆளைக் காணவில்லை என்றால் சட்டப்படி இறந்தவராக எடுத்துக்கொள்வார்களாம்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்படியே இருங்கம்மா."

பயறு பொறுக்குகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் உங்களுக்குச் சொல்லணும். கடைசி வரைக்கும் அவர் வாயைத் திறக்கல. எவ்வளவோ கேட்டுப் பாத்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல. அவர் பேசியிருந்தா இந்தக் கையெழுத்தே நடந்திருக்காது. சேதி வந்தப்போ எங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னோம்."

எவ்வளவோ என்றால் எவ்வளவு, எப்படிக் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இறங்கும்போது, "உங்க பேரு நெசமாவே மோகன்தானா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

கொஞ்சம் நின்றார். "இல்லம்மா" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழுக்க நிஜம் என்று தோன்றியது.

அவர் போன பிறகு அத்தை முறத்தைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "அவனா? வாயத் தொறக்காம இருந்தானா? பாய்மரத்துல லாம்பு கட்ட ஏறி, எறங்கப் பயந்துக்கிட்டு, விடிய விடிய மேலயே உக்காந்து ஊருக்கே கேக்க என்னையப் பேரு சொல்லி அழுத பயலாக்கும்."

அதற்கப்புறம் அத்தை எழுந்துபோய் முகம் கழுவினார்கள். வெகுநேரம் கழுவினார்கள்.

அக்டோபர் 30

வேலைக்குப் போனேன். விரல் ஆறிவிட்டது. தோல் உரிகிறது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். நேற்றே போய் மாமா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். இன்று சாயங்காலம் அத்தையோடு போனேன். தலையில் பூ வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு போனேன். இப்படியே இருக்கச் சொல்லியிருக்கிறார்களே.

கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், சாமந்தி, மெழுகு வாடை. அத்தை மடியிலிருந்து ரெண்டு மெழுகுதிரி எடுத்தார்கள். ஒன்றை மாமா தலைமாட்டில் ஏற்றினார்கள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த வெறும் மண்ணில் உட்கார்ந்து, விரலால் குழி தோண்டி நட்டு ஏற்றினார்கள்.

"அத்தே, ஆளுவ பாக்காவ" என்றேன்.

"பாக்கட்டும். ஏழு வருசம் இருக்க மாட்டேன் நான்."

ஜெசிந்தா அவள் அப்பா கல்லறையிலிருந்து வந்து நின்றாள். "இது யாருக்கு பெரியம்மா, வெறும் மண்ணுல?"

"பேர் இல்லாம பொதச்சவங்களுக்கு. எங்கயோ ஒருத்தி அவ மண்ணுல என் ஆளுக்கு ஏத்தாமலா இருப்பா."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், தோல் உரிந்த விரலை. அன்றைக்குக் கூண்டு ஏற்றின நாளில் பார்த்த மாதிரியே பார்த்தாள். பிறகு அவள் கையில் மிச்சமிருந்த சாமந்தியை அந்த மண்ணில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். மாமா கல்லறைக்குத் தெளித்துவிட்டு நகரப் போனவரை அத்தை, "இங்கயும் தெளிங்க சாமி" என்றார்கள். அவர் மண்ணைப் பார்த்தார், என் கழுத்தில் தாலியைப் பார்த்தார். தெளித்தார்.

காற்று அடித்தது. மாமாவின் திரி அணைந்துவிட்டது. இது அணையவில்லை, நான் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். மெழுகு உருகி முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தை படுத்துவிட்டார்கள். உங்கள் தலைமாட்டில் வைக்கிற சொம்பில் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். கை பழகிவிட்டது.

மச்சான், அந்த ஆபீசர் சொன்னது எனக்கு விளங்கவேயில்லை. நீங்கள் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். கண்ணைத் திறக்காமலே, "ஏ பிரகாசி, தண்ணி" என்று கேட்பீர்கள். நான் கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள், காலையில் கேட்டால் ஞாபகமே இருக்காது. ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறார்கள். ஒரு வார்த்தைகூட.

அங்கே தண்ணீர் தவித்தபோதுகூட, என் பேரை நீங்கள் சொல்லவில்லையா?